முதலில் காது, பிறகு வாக்கியம்

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே மாணவர்கள் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்: கம்யூனிகேஷன். வேலைவாய்ப்புப் பிரிவில் அதைச் சொல்கிறார்கள். நேர்காணலில் தேறாதவர்களுக்கு அதுதான் குறை என்று சொல்லி அனுப்புகிறார்கள். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு இடம் உண்டு. ஆனால் தமிழ்வழியில் படித்து வந்த மாணவரின் மனத்தில் அந்தச் சொல் ஒரே பொருளில் பதிந்துவிடுகிறது: தடங்கலில்லாமல் ஆங்கிலம் பேசுவது. அதனால் 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்ற கேள்விக்கு ஒரு பக்கப் பதிலை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போகிறார். நேர்காணல் செய்பவர் அதையே சற்று மாற்றி, 'உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டால், மாணவர் தந்தை பெயரிலிருந்து தொடங்கி அதே பக்கத்தை ஒப்பிக்கிறார். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. அங்கே தவறியது நாக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தவறியது காது.

பாடத்திட்டத்தில் கேட்டல் ஓர் அலகு, இலக்கணம் ஓர் அலகு, பேச்சு ஓர் அலகு என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். தேர்வுக்கு அது வசதி. கற்றுக்கொள்ள வசதி இல்லை. ஆங்கில வாக்கியத்தை எங்கே கவனித்துக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், அதை எப்படி அமைப்பது என்பதும் கூடவே வந்துவிடும். இரண்டையும் ஒன்றாகவே இங்கே பார்ப்போம்.

கேட்பது ஒரு வேலை

ஒருவர் பேசும்போது நாம் சும்மா இருந்தால் அது கேட்பது ஆகிவிடும் என்று நினைக்கிறோம். அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் இந்த எண்ணத்தை மறுத்தார்கள். 1957இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழிலுறவு மையம் வெளியிட்ட அவர்களுடைய சிறு நூலின் பெயரே 'ஆக்டிவ் லிசனிங்'. கேட்பவருக்கு அவர்கள் முக்கியமாக மூன்று வேலைகளைக் கொடுத்தார்கள். சொல்லப்படும் செய்தியையும் அதற்குள் இருக்கும் உணர்வையும் சேர்த்துப் புரிந்துகொள்வது முதல் வேலை. அந்த உணர்வுக்கு மறுமொழி தருவது இரண்டாவது. குரலின் ஏற்ற இறக்கம், தயக்கம், முகம், கை ஆகியவை சொல்வதையும் கவனிப்பது மூன்றாவது.

விடுதி அறையில் நடக்கும் ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். 'இந்த செமஸ்டர் மேத்ஸ் பேப்பர் எழுதவே போறதில்லடா' என்கிறான் நண்பன். 'என்னடா பேசுற? ஒழுங்கா உக்காந்து படி' என்பது நமக்கு உடனே வரும் பதில். அக்கறையோடுதான் சொல்கிறோம். ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக, 'எழுதினாலும் தேறாதுன்னு தோணுதா?' என்று கேட்டுப் பார்க்கலாம். 'அப்படி இல்லடா. முதல் ரெண்டு யூனிட் நடத்தினப்ப நான் ஊர்ல இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. இப்ப யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னு தெரியல' என்று அவன் சொல்லக்கூடும். இப்போது உண்மையான தேவை தெரிந்துவிட்டது. அவனுக்கு வேண்டியது அறிவுரை இல்லை, இரண்டு அலகின் குறிப்பும் சொல்லித்தர ஓர் ஆளும்தான். நாம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவன் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டோம். கவனித்துக் கேட்பதன் மையம் இந்த ஒரு செயல்தான்.

ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதால் அதை ஒப்புக்கொண்டதாக ஆகாது. 'நீங்க சொல்றது இதுதானே?' என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, 'எனக்கு வேற மாதிரி தோணுது' என்று தாராளமாகச் சொல்லலாம். தான் சொன்னதை எதிராளி சரியாகப் புரிந்துகொண்டார் என்று தெரிந்தவர், மறுப்பையும் பொறுமையாகக் கேட்பார்.

காதில் விழுவதில் எவ்வளவு தங்குகிறது

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கேட்டலை ஆராய்ந்தவர் ரால்ஃப் நிக்கோல்ஸ். அவரும் லெனார்ட் ஸ்டீவன்ஸும் 1957இல் எழுதியதில் இரண்டு செய்திகள் மாணவர்களுக்கு முக்கியமானவை. சராசரி ஆள் ஒரு பேச்சைக் கேட்டு முடித்த உடனே அதில் பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்துக் கால்வாசிதான் மிஞ்சுகிறது. இது முதலாவது. அமெரிக்கர்கள் நிமிடத்துக்குச் சுமார் 125 சொற்கள் பேசுகிறார்கள். மனமோ அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடக்கூடியது. இது இரண்டாவது. இந்த இடைவெளியில்தான் கவனம் சிதறுகிறது. ஆசிரியர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மனம் உணவகத்துக்கும் கைப்பேசிக்கும் போய்த் திரும்பிவிடுகிறது. திரும்பும்போது இரண்டு வாக்கியம் கடந்து போயிருக்கும்.

மிச்சமிருக்கும் அந்த வேகத்தைப் பேச்சிலேயே செலவழிப்பதுதான் வழி. 'இவர் அடுத்து எங்கே போகிறார்?', 'இதுவரை சொன்னதன் சாரம் என்ன?', 'இதற்கு ஆதாரம் காட்டினாரா?' என்று மனம் பேச்சைச் சுற்றியே வேலை செய்தால் வெளியே ஓட நேரம் இருக்காது.

இந்தக் கால்வாசிக் கணக்கு தமிழில் நெடுங்காலமாக இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் ஓர் இலக்கண நூல். எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுவதற்கு முன்பே, பாயிரத்தில், பாடம் கேட்கும் முறையை அது சொல்லிவிடுகிறது. ஒரு முறை கேட்டதை இரண்டாம் முறையும் கேட்டால் பிழை பெரிதும் நீங்கும். மூன்றாம் முறை கேட்டால் ஆசிரியர் சொன்ன முறையிலேயே எடுத்துரைக்க வரும். ஆனாலும் ஆசிரியரிடம் கேட்டதால் மட்டும் கிடைப்பது புலமையில் கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு கலந்து பயில்வதால் இன்னொரு கால் பங்கு வருகிறது. மீதி அரைப் பங்கு, தான் அறிந்ததைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. கேட்டல், கலந்து பேசுதல், எடுத்துரைத்தல் என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் பயிற்சி இதே வரிசையில்தான் அமைந்திருக்கிறது.

வகுப்பில் கேட்கும்போது குறிப்பெடுக்க நல்ல முறை ஒன்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாக் பரப்பிய முறை இது. தாளின் இடப்பக்கம் ஒரு குறுகிய பத்தி விட்டு, வலப்பக்கம் வகுப்பில் கேட்டதைச் சுருக்கமாக எழுத வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு, அந்தக் குறிப்புகள் எந்தக் கேள்விகளுக்கு விடையோ அந்தக் கேள்விகளை இடப்பக்கம் எழுத வேண்டும். தாளின் அடியில் முழுப் பாடத்தையும் இரண்டு மூன்று வரியில் சொந்தச் சொற்களில் எழுதி முடிக்க வேண்டும். படிக்கும்போது வலப்பக்கத்தை மூடிவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

முகமும் குரலும் எவ்வளவு பேசும்

மென்திறன் வகுப்புகளில் ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது: பேச்சின் பொருளில் சொற்களுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. அந்த ஆய்வுகளில் தனிச்சொற்களை வெவ்வேறு குரலில் கேட்கச் செய்தும், முகப் படங்களைக் காட்டியும், சொல்பவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்டார்கள். சொல்லும் முகமும் முரண்படும்போது விருப்பு வெறுப்பை எதிலிருந்து ஊகிக்கிறோம் என்பதற்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே விளக்கியிருக்கிறார்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 'சொற்களுக்கு 7 விழுக்காடுதான்' என்று நம்பிவிட்ட மாணவர் வாக்கியத்தில் உழைப்பதை விட்டுவிட்டு, கைகுலுக்குவதையும் நிமிர்ந்து உட்காருவதையும் பழகுகிறார். நிமிர்ந்து உட்காருவது நல்லதுதான். பேசுபவரின் முகம் பார்ப்பதும், தலையசைப்பதும், கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பதும் கேட்கிறோம் என்பதற்கு அடையாளங்கள். ஆனால் ஓர் இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று விளக்கச் சொன்னால், அதை வாக்கியம்தான் விளக்க வேண்டும்.

ஆங்கில வாக்கியத்தின் தலையைக் கேளுங்கள்

தமிழ் வாக்கியத்தில் முடிவான செய்தி கடைசியில் இருக்கிறது. 'போன வாரம் மதுரையில் நடந்த போட்டியில் பரிசு வாங்கிய பெண்ணைத் தலைமையாசிரியர் இன்று பாராட்ட...' என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், பாராட்டினாரா, பாராட்டவில்லையா, பாராட்டுவாரா என்று நமக்குத் தெரியாது. காலம், எதிர்மறை, வினா எல்லாம் வாக்கியத்தின் வாலில் வருகின்றன. அதனால் தமிழ்க் காது பொறுமையாகக் கடைசிவரை காத்திருந்து, அங்கே கவனத்தைக் கூர்மையாக்கப் பழகியிருக்கிறது.

அதே செய்தி ஆங்கிலத்தில்: 'த ஹெட்மாஸ்டர் ப்ரெய்ஸ்ட் த கேர்ள் ஹூ வன் எ ப்ரைஸ் இன் மதுரை லாஸ்ட் வீக்.' யார், என்ன செய்தார் என்பது முதல் மூன்று சொல்லிலேயே முடிந்துவிட்டது. எந்தப் பெண், எங்கே, எப்போது என்பவை பின்னால் வருகின்றன. தமிழில் 'பரிசு வாங்கிய' என்ற பெயரெச்சம் பெண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஹூ வன் எ ப்ரைஸ்' என்பது பெண்ணுக்குப் பின்னால் வருகிறது. வினாவும் எதிர்மறையும் அப்படியே. 'வந்தாயா?' என்பதில் வினாவைக் காட்டும் 'ஆ' இறுதியில் இருக்கிறது. 'டிட் யூ கம்?' என்பதில் 'டிட்' தொடக்கத்தில் இருக்கிறது.

தமிழ் மாணவர்கள் ஆங்கிலக் கேள்வியைத் தவறவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். கவனம் கூர்மையாகும் நேரத்தில் முக்கியமான செய்தி கடந்து போயிருக்கிறது. இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஆங்கிலப் பேச்சில் பெயர்ச்சொல்லும் முதன்மை வினையும் அழுத்தம் பெறும். 'டிட்', 'ஹேவ்', 'வுட்', 'கேன்' போன்ற துணைவினைகள் தேய்ந்து ஒலிக்கும். வேகமான பேச்சில் 'டிட் யூ' என்பது 'டிஜ்யு' போலக் காதில் விழும். 'கேன்' பெரும்பாலும் 'க்ன்' என்று ஒடுங்கிவிடும். 'கான்ட்' அழுத்தமாக ஒலிக்கும். ஆக, வாக்கியத்தின் தலையில் இருக்கும் சொல்லே மெலிந்து ஒலிக்கும் சொல்லாகவும் இருக்கிறது.

எனவே ஆங்கிலம் கேட்கும்போது முதல் நான்கு சொற்களுக்குக் காதைத் தீட்டி வையுங்கள். அங்கே நான்கு செய்திகளைத் தேடுங்கள்: யார்? என்ன வினை? எந்தக் காலம்? கேள்வியா, கூற்றா, மறுப்பா? தேதி, இடம், அளவு போன்ற விவரங்களைப் பிறகு கேட்டு உறுதிசெய்யலாம். 'கேன்', 'கான்ட்' குழப்பம் வந்தால் வெட்கப்படாமல் உடனே திருப்பிச் சொல்லுங்கள்: 'ஸோ, ஐ கேன் சப்மிட் இட் ஆன் மன்டே?' ரோஜர்ஸும் ஃபார்சனும் வற்புறுத்திய கவனம் இங்கே இலக்கணச் சந்தேகத்தையும் தீர்த்துவைக்கிறது.

பேசும்போதும் இதே நான்கு செய்திகள்தான். வாயைத் திறப்பதற்கு முன் 'யார், என்ன வினை' என்ற இரண்டை முடிவு செய்துவிட்டால் பாதி வாக்கியம் அமைந்துவிடும். பலர் 'லாஸ்ட் வீக், மதுரை, காம்படிஷன்...' என்று தமிழ் வரிசையில் தொடங்கி, வினையைத் தேடிக்கொண்டு நடுவில் நின்றுவிடுகிறார்கள். அங்கே குறைவது சொல்வளம் இல்லை, வரிசை.

தமிழ் விதி ஆங்கிலத்தில் நுழையும் இடங்கள்

தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பலவும் தமிழில் சரியான விதிகள். அவை இடம் மாறி வந்துவிடுகின்றன. எந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பிழையைப் பிடிப்பது எளிது.

முதலாவது, எழுவாய் விடுபடுவது. 'நேற்று வங்கிக்குப் போனேன்' என்பதில் 'நான்' தேவையில்லை. 'ஏன்' விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. பள்ளியில் இதைத் தோன்றா எழுவாய் என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'வென்ட்' என்ற வினை நான், நீ, அவர், அவர்கள் எல்லோருக்கும் ஒன்றே. அதனால் 'ஐ வென்ட் டு த பேங்க் எஸ்டர்டே' என்று ஆளைச் சொல்லியாக வேண்டும். சொல்ல ஆளே இல்லாத இடத்திலும் ஆங்கிலம் ஓர் எழுவாயைக் கேட்கும். 'இன்னிக்கு ரொம்ப வெயில்' என்பதற்கு 'இட் இஸ் வெரி ஹாட் டுடே.' கட்டளை வாக்கியம் மட்டுமே எழுவாய் இல்லாமல் இயல்பாக நிற்கும்: 'சிட் டவுன்', 'ஓபன் த டோர்'.

இரண்டாவது, வினை விடுபடுவது. 'என் அப்பா விவசாயி' என்பது தமிழில் முழு வாக்கியம். 'விவசாயி' என்ற பெயரே பயனிலை. ஆங்கிலத்தில் பெயர் தனியாகப் பயனிலை ஆகாது: 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்.' இதைக் கற்றுக்கொண்ட வேகத்தில் 'ஐ ஆம் ஒர்க் இன் சென்னை' என்று தேவையில்லாத இடத்திலும் சிலர் 'ஆம்' சேர்த்துவிடுகிறார்கள். வழக்கமாகச் செய்வதற்கு 'ஐ ஒர்க்'. இப்போது செய்துகொண்டிருப்பதற்கு 'ஐ ஆம் ஒர்க்கிங்.' இரண்டையும் பாதிப் பாதியாகக் கலக்கக் கூடாது.

மூன்றாவது, 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள். தமிழில் பசி, பயம், அறிவு, உறவு எல்லாம் நான்காம் வேற்றுமையில் வருகின்றன: எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு இரண்டு தங்கைகள். ஆங்கிலத்தில் இவற்றில் எல்லாம் 'ஐ' தான் எழுவாய்: 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ நோ', 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்.' 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று பலர் சொல்வதுண்டு. தெரிதல், உடைமை, விருப்பம், தேவை போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. 'ஹேவிங் லன்ச்' என்பது செயல், அதனால் அது சரி.

நான்காவது, சொல் வரிசை. 'பூனை எலியைப் பிடித்தது', 'எலியைப் பூனை பிடித்தது' இரண்டும் தமிழில் ஒன்றுதான். 'ஐ' உருபு யார் பிடிபட்டது என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் உருபின் வேலையை இடம் செய்கிறது. 'த கேட் காட் த ரேட்' என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் எலி பூனையைப் பிடித்துவிடும். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையைப் பழகிய பிறகே மற்ற நயங்களுக்குப் போக வேண்டும்.

ஐந்தாவது, ஒரே அடையாளத்தை இரண்டு முறை இடுவது. 'டிட் யூ வென்ட்?', 'ஐ டிட்ன்ட் கேம்', 'டஸ் ஷி கோஸ்?' ஆகிய மூன்றும் ஒரே பிழை. ஆங்கிலத்தில் காலத்தையும் ஆளையும் காட்டும் அடையாளம் ஒரு முறைதான் வரும். துணைவினை இருந்தால் அதுவே அந்த அடையாளத்தை எடுத்துக்கொள்ளும். 'டிட்' இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது, அதனால் 'வென்ட்' பழையபடி 'கோ' ஆகிவிடும். 'டஸ்' கடைசி 'ஸ்' ஒலியை எடுத்துக்கொண்டது, அதனால் 'கோஸ்' மீண்டும் 'கோ.' இந்த ஒரு விதி மனத்தில் படிந்தால் கேள்வி வாக்கியங்களில் வரும் பிழைகள் பெருமளவு போய்விடும்.

ஆறாவது, கேள்வியின் வரிசை. 'நீ எங்கே போகிறாய்?' என்பதை அப்படியே கொண்டுபோய் 'வேர் யூ ஆர் கோயிங்?' என்கிறோம். துணைவினை எழுவாய்க்கு முன்னால் வர வேண்டும்: 'வேர் ஆர் யூ கோயிங்?' ஆனால் அந்தக் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போனால் வரிசை மீண்டும் கூற்று வரிசைக்குத் திரும்பும்: 'ஐ டோன்ட் நோ வேர் யூ ஆர் கோயிங்.'

ஆம், இல்லை என்று சொல்லும்போது

கேட்டலும் இலக்கணமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் எதிர்மறைக் கேள்வி. 'மெயில் வரலையா?' என்று கேட்டால் 'ஆமா சார், வரல' என்று சொல்வது தமிழில் இயல்பு. கேட்டவரின் கூற்றை ஏற்கிறோம், அதனால் ஆமாம். ஆங்கிலத்தில் 'டிட்ன்ட் யூ கெட் த மெயில்?' என்று கேட்டால் அதே பழக்கத்தில் 'எஸ் சார்' என்று சொல்லிவிடுவோம். கேட்டவர் மெயில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும் நடந்தது என்றால் 'எஸ்', நடக்கவில்லை என்றால் 'நோ.' இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், 'நோ, ஐ டிட்ன்ட் கெட் இட்' என்று குறும்வாக்கியமாகச் சொல்லுங்கள். வேலைக்குப் போன பிறகு வாடிக்கையாளருடனோ மேலதிகாரியுடனோ பேசும்போது இந்த ஒரு பழக்கம் பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

'வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?' என்பதும் இதே வகை. காத்திருப்பதில் உங்களுக்குச் சங்கடம் உண்டா என்று கேட்கிறார்கள். சம்மதம் என்றால் 'நாட் அட் ஆல்' என்று சொல்ல வேண்டும். இங்கேயும் கேள்வியின் தலையைக் கேட்டவருக்குத்தான் பதில் சரியாக வரும்.

மரியாதை எங்கே இருக்கிறது

தமிழில் மரியாதை வினைக்குள்ளேயே இருக்கிறது. 'சொல்லுங்க சார்' என்றால் போதும், 'உங்க' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆங்கில வினையில் அந்த வசதி இல்லை. 'டெல் மீ, சார்' என்றால் கட்டளை போல ஒலிக்கும். சொன்ன மாணவர் மனத்தில் பணிவுதான் இருக்கிறது. கேட்டவர் காதில் அது விழவில்லை. ஆங்கிலத்தில் வேண்டுகோள் கேள்வி வடிவத்தில் பணிவு பெறுகிறது: 'குட் யூ ப்ளீஸ் டெல் மீ த லாஸ்ட் டேட்?' காதில் விழாதபோது 'வாட்?' என்று கேட்பதைவிட 'ஸாரி, குட் யூ ரிபீட் தட்?' என்பது நல்லது. 'ஐ வான்ட் லீவ்' என்பதைவிட 'மே ஐ டேக் லீவ் டுமாரோ?' நல்லது.

குழு விவாதத்தில் மறுப்பதற்கும் இப்படி ஒரு வழி உண்டு. முதலில் முன்னவர் சொன்னதை ஒரு வரியில் எடுத்துச் சொல்லுங்கள்: 'யூ செட் தட் ஆன்லைன் கிளாஸஸ் சேவ் டைம்.' பிறகு உங்கள் கருத்து: 'ஐ அக்ரீ, பட் லேப் ஒர்க் நீட்ஸ் எ ரியல் லேப்.' இந்த இரண்டு வாக்கியத்திலும் எழுவாய் உண்டு, வினை உண்டு, வரிசை உண்டு. அதைவிட முக்கியமாக, முன்னவரைக் கேட்டதற்கான சான்று உண்டு. உரக்கப் பேசி இடம் பிடிப்பதைவிட இது விவாதத்தை முன்னே நகர்த்தும்.

நாள்தோறும் செய்யத்தக்க பயிற்சி

ரூத் வைன்ரிப் என்ற ஆசிரியர் 1990இல் வெளியிட்ட 'கிராமர் டிக்டேஷன்' என்ற நூலில் விளக்கிய பயிற்சி ஒன்று உண்டு. 'டிக்டோகிளாஸ்' என்று அதற்குப் பெயர். கேட்டலையும் இலக்கணத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்க அதைவிட எளிய வழி குறைவு. விடுதியில் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் போதும், செலவு எதுவும் இல்லை.

ஆங்கில நாளிதழிலிருந்து நான்கைந்து வாக்கியம் கொண்ட ஒரு செய்தியை ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும். அதை இயல்பான வேகத்தில் அவர் வாசிக்கட்டும். முதல் முறை மற்றவர்கள் பேனாவைத் தொடக் கூடாது; கேட்க மட்டும் வேண்டும். இரண்டாம் முறை வாசிக்கும்போது முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். சாதாரண டிக்டேஷன் போலச் சொல்லுக்குச் சொல் எழுத நேரம் இருக்காது. அதுதான் இதன் பலம். பிறகு எல்லோரும் சேர்ந்து தங்கள் குறிப்புகளை வைத்து அந்தச் செய்தியை முழு வாக்கியங்களாகக் கட்டி எழுப்ப வேண்டும். 'எழுவாய் யாரு? வினை எந்தக் காலத்துல இருந்துச்சு? த இருந்துச்சா, எ இருந்துச்சா?' என்ற வாதம் தானாகவே தொடங்கும். அந்த வாதத்தில்தான் இலக்கணம் உள்ளே இறங்குகிறது. கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் பிழைகள் ஒரே மூன்று நான்கு வகைக்குள் சுழல்வதை அந்த நோட்டு காட்டத் தொடங்கும். அப்போது திருத்த வேண்டியது கடல் போன்ற இலக்கணம் முழுவதும் இல்லை, அந்தச் சில வகைகள் மட்டும்தான்.

பழகிய பிறகு நாளிதழுக்குப் பதிலாக ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்து இரண்டு முறை கேட்டால் போதும்.

முடிவில் இன்னும் ஒரு படி சேருங்கள். கட்டி எழுப்பிய செய்தியை, தாளைப் பார்க்காமல், அங்கே இல்லாத ஒரு நண்பருக்கு ஆங்கிலத்தில் சொந்த வாக்கியங்களில் சொல்லுங்கள். அவர் உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும். கேள்வியின் முதல் நான்கு சொல்லைக் கவனியுங்கள், தேவைப்பட்டால் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள், குறும்வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். பவணந்தியார் சொன்ன மூன்று பங்கும் இதில் அடங்கிவிடுகின்றன: இரண்டு முறை கேட்டது, உடன் பயில்பவரோடு ஆராய்ந்தது, பிறருக்கு எடுத்துச் சொன்னது.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் ஆங்கிலத்தில் தயங்கிப் பேசும்போது நடுவில் நிறுத்தி ஒவ்வொரு பிழையையும் திருத்தினால், அடுத்த முறை அவர் பேச மாட்டார். முழுவதும் கேளுங்கள். பிறகு அவர் சொன்னதைச் சரியான வாக்கியத்தில் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்: 'ஓ, யுவர் ஃபாதர் இஸ் எ ஃபார்மர்?' மாணவர் தான் சொன்னது புரிந்துகொள்ளப்பட்டதையும் அறிவார், விடுபட்ட 'இஸ்' எங்கே வர வேண்டும் என்பதையும் காதால் கேட்பார். ஆசிரியர் கேட்கும் வகுப்பில் மாணவர்களும் கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள். கேட்கக் கற்றவர்களுக்கு வாக்கியம் வந்துவிடும்.